காதுக்குச் சொட்டு மருந்து: சரியாக விடுவதும் செலவில்லாமல் வாங்குவதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தென்காசிப் பக்கம் மருந்துக்கடை நடத்தும் மருந்தாளுநர் நான், மருத்துவர் அல்ல. நோயைக் கண்டுபிடிப்பது என் வேலையில்லை. எழுதித் தந்த மருந்து ஒழுங்காகக் காதுக்குள் போகிறதா, வாங்குகிறவரின் பணம் வீணாகாமல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. கீழே உள்ளவை கடை வாசலில் நின்றபடியே மக்கள் கேட்பவை. எல்லாமே வெளிக்காதுத் தொற்றைப் பற்றியவை. காதுத் துவாரத்திலிருந்து செவிப்பறை வரை, பெரியவர்களுக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு குழாய் போகிறது. அதன் தோலில் வரும் தொற்றுதான் இது.

காது வலிக்கிறது. வெளிக்காதா, நடுக்காதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காது மடலை மெல்ல இழுத்துப் பாருங்கள். அல்லது துவாரத்துக்கு முன்னால், கன்னத்தை ஒட்டித் துருத்தி நிற்கும் சிறு குருத்தெலும்பை விரலால் அழுத்துங்கள். சுரீர் என்று வலித்தால் பெரும்பாலும் வெளிக்காது. முதலில் அரிப்பு, பிறகு குடைச்சல், சோற்றை மெல்லும்போது வலி, நீர்க் கசிவு, காது அடைப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

சளி பிடித்து, அதன் தொடர்ச்சியாகக் காய்ச்சலும் காதுவலியும் வந்தால் அது நடுக்காதாக இருக்கலாம். வலியே இல்லாமல் மாதக்கணக்கில் சீழ் வடிந்தால் செவிப்பறையில், அதாவது நாம் ஜவ்வு என்று சொல்வதில், ஓட்டை இருக்க வாய்ப்பு அதிகம். இந்த அடையாளங்கள் மருத்துவரிடம் சரியாக எடுத்துச் சொல்வதற்குத்தான். நாமே மருந்தை முடிவு செய்வதற்கு அல்ல.

காதைத் தினமும் சுத்தம் செய்கிறேன். எனக்கு ஏன் வந்தது?

சுத்தம் செய்ததால் வந்திருக்கலாம். குறும்பி அழுக்கு அல்ல. லேசான அமிலத்தன்மை கொண்ட மெழுகு அது. தோலில் நீர் ஊறாமலும் கிருமி பெருகாமலும் காக்கிறது. அதை ஊக்கு, கொண்டை ஊசி, தீக்குச்சி, வண்டிச் சாவி, கோழி இறகு என்று கைக்கு அகப்பட்டதை வைத்துக் குடைந்து எடுத்துவிடுகிறோம். குழாயின் உட்பகுதியில் தோல் மிக மெல்லியது, எலும்பின் மேலேயே ஒட்டியிருக்கிறது. ஒரு கீறல் விழுந்து அதில் தண்ணீரும் தங்கினால் சூடோமோனாஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களுக்குக் கொண்டாட்டம். குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் எங்கள் வட்டாரத்தில் காது மருந்து கேட்டு வருவோர் கூடுவதற்கு இதுவே காரணம். கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளைகள், வேர்த்து வழியத் தலைக்கவசம் போட்டு ஓட்டுபவர்கள், நாள் முழுதும் காதுக்குள் இயர்போன் செருகியிருப்பவர்கள் ஆகியோருக்கும் வருகிறது.

பஞ்சுக் குச்சி டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். காதுத் துவாரத்துக்குள் விடாதீர்கள் என்று அதிலேயே அச்சிட்டிருப்பார்கள். வாங்குவதே அதற்காகத்தான் என்பது வேறு கதை.

மருத்துவரிடம் போகாமல் கடையிலேயே ஒரு சொட்டு மருந்து வாங்கிக்கொள்ளலாமா?

கேட்டால் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய சரக்கு. லேபிளில் செங்குத்தாக ஓடும் சிவப்புக் கோடு அதற்குத்தான். சட்டத்தை விடுங்கள், காசுக் கணக்குப்படியே சொல்கிறேன். 'காது வலி' என்று வருகிறவருக்கு உள்ளே பாக்டீரியா இருக்கலாம், பூஞ்சை இருக்கலாம், குறும்பி இறுகிக் கல்லாகியிருக்கலாம், ஜவ்வில் ஓட்டை இருக்கலாம். நான்குக்கும் நான்கு வழி. குறும்பியைக் கரைக்கும் மருந்தைப் புண்ணான காதில் விட்டால் தீயாய் எரியும். பூஞ்சைக் காதில் ஆன்டிபயாடிக் மட்டும் விட்டுக்கொண்டே இருந்தால் பூஞ்சை இன்னும் செழிக்கும். காதுக்குள் விளக்கடித்துப் பார்க்காமல் இதைப் பிரித்தறிய யாராலும் முடியாது, என்னாலும் முடியாது. தவறான மருந்தை இரண்டு முறை வாங்கும் பணத்தில் ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிடலாம்.

சீட்டில் எழுதும் சொட்டு மருந்துகளில் என்னதான் இருக்கிறது?

பாக்டீரியாவுக்குப் பெரும்பாலும் சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது ஆஃப்ளாக்சசின். வீக்கமும் அரிப்பும் அதிகமென்றால் அதோடு டெக்சாமெத்தசோன் போன்ற ஒரு ஸ்டீராய்டு சேர்ந்திருக்கும். பூஞ்சைக்குக் குளோட்ரிமசோல். ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த பழைய மருந்துகளும் புழக்கத்தில் உள்ளன. இந்தப் பழையவற்றில் ஒரு சிக்கல்: ஜவ்வில் ஓட்டை இருந்து மருந்து உள்ளே இறங்கினால் கேட்கும் திறனையே பாதிக்கக்கூடும். நியோமைசின் சிலருக்குத் தோல் ஒவ்வாமையையும் உண்டாக்கும். மருந்து விட விட அரிப்பும் சிவப்பும் கூடுகிறது என்றால் அதையும் சந்தேகிக்க வேண்டும். முன்பு எப்போதாவது காதில் சீழ் வடிந்திருந்தால், அறுவை நடந்திருந்தால், அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நான்கு மருந்து கலந்த சொட்டு மருந்து ஒன்று இருக்கிறதே, அது எல்லாவற்றுக்கும் கேட்குமாமே?

ஆன்டிபயாடிக், பூஞ்சைக்கொல்லி, ஸ்டீராய்டு, மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன், நான்கும் ஒரே பாட்டிலில். நம் ஊரில் அமோகமாக விற்கிறது. விட்டதும் வலி மட்டுப்படுவதால் நல்ல பெயரும் இருக்கிறது. மருத்துவர் காதைப் பார்த்து இதுதான் வேண்டும் என்று எழுதினால் வாங்குங்கள். பார்க்காமலே வாங்குவதற்கு இதைத் தேர்ந்தெடுத்தால், தேவையில்லாத மூன்றுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறீர்கள். வலி மரத்துப்போவதால் நோய் முற்றுவதும் தெரியாமல் போகலாம். இருட்டில் கல்லெறியும் வைத்தியம் என்பது என் கருத்து.

காதுக்கு எழுதினார்கள், பாட்டிலில் கண் என்று போட்டிருக்கிறது. மாற்றிக் கொடுத்துவிட்டீர்களா?

இல்லை. சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு மருந்து 'கண் மற்றும் காதுக்கு' என்றே பல நிறுவனங்களில் வருகிறது. கண்ணுக்குத் தயாரித்ததைக் காதுக்கு மருத்துவர் எழுதுவதும் வழக்கம்தான். பல நேரங்களில் அதுவே மலிவு. ஆனால் காதுக்கென்று மட்டும் தயாரித்ததை ஒருபோதும் கண்ணில் விடக்கூடாது. வீட்டில் இரண்டும் இருந்தால் தனித்தனி இடத்தில் வையுங்கள்.

எப்படி விட வேண்டும்? இதைக்கூடவா கேட்பது என்று நினைக்காதீர்கள்.

கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான். மருந்து வேலை செய்யவில்லை என்று திரும்பி வருகிறவர்களிடம் எப்படி விட்டீர்கள் என்று கேட்டால், நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் கொஞ்சம் சாய்த்து நாலு சொட்டு விட்டுவிட்டு உடனே நிமிர்ந்துவிட்டேன் என்பார்கள். அதில் பாதி சட்டைக் காலரில் இருக்கும்.

கையைக் கழுவுங்கள். பாட்டிலை உள்ளங்கையில் ஒன்றிரண்டு நிமிடம் பொத்தி வைத்திருங்கள். குளிர்ந்த மருந்து செவிப்பறையைத் தொட்டால் தலை கிர்ரென்று சுற்றும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே விட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் உண்டு. வெந்நீரில் போட்டுச் சூடாக்கவும் வேண்டாம், கைச்சூடு போதும். பால் போலக் கலங்கிய மருந்தாக இருந்தால் நன்றாகக் குலுக்குங்கள்.

நோயுள்ள காது மேலே இருக்குமாறு ஒருக்களித்துப் படுங்கள். வெளியே வடிந்திருக்கும் சீழைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். உள்ளே எதையும் விடாதீர்கள். காதுக்குழாய் நேராக இல்லை, வளைந்து செல்கிறது. அதனால் பெரியவர்களுக்குக் காது மடலை மேலே தூக்கிப் பின்பக்கமாக இழுக்க வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மடலைக் கீழ்நோக்கிப் பின்னால் இழுக்க வேண்டும். பாட்டில் நுனி காதில் படாமல், குழாயின் பக்கச் சுவரில் வழிந்து இறங்குமாறு சொட்டுங்கள். நட்ட நடுவில் விட்டால் உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியின்றி மருந்தை மேலேயே நிறுத்திவிடும்.

அடுத்து, பலர் விட்டுவிடும் படி. முன்னே சொன்ன அந்தக் குருத்தெலும்பை நாலைந்து முறை மெதுவாக அழுத்தி அழுத்தி விடுங்கள். மருந்து களக் களக் என்று உள்ளே இறங்குவது உங்களுக்கே கேட்கும். அப்படியே ஐந்து நிமிடம் படுத்திருங்கள். எழுந்ததும் வழிவதைத் துடைத்துக்கொண்டால் போதும். பஞ்சை உள்ளே அடைத்தால் மருந்து முழுவதையும் அது குடித்துவிடும்.

முடிந்தால் வேறொருவர் விடட்டும். தன் காதில் தானே எண்ணிச் சொட்டுவது கடினம்.

விட்டதும் தொண்டையில் கசக்கிறது.

அப்படியானால் ஜவ்வில் ஓட்டை இருக்கலாம். நிறுத்திவிட்டு, எழுதிய மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். அவர் ஓட்டை இருப்பது தெரிந்தே எழுதியிருந்தால் பயமில்லை.

காது வீங்கி மூடியேவிட்டது. மருந்து உள்ளே போகாமல் வெளியே நிற்கிறது.

இதை வீட்டில் சரிசெய்ய முடியாது. மருத்துவர் மெல்லிய துணித் திரி ஒன்றை உள்ளே செருகி அதன் வழியாக மருந்தை இறக்குவார். நம் அரசு மருத்துவமனைகளில் இக்தாமால் கிளிசரினில் தோய்த்த நாடாத் துணியை வைப்பது நெடுநாள் வழக்கம். கரிய நிறம், தார் வாடை. வைக்கும்போது கண்ணில் நீர் வரும். ஆனால் கிளிசரின் வீக்கத்திலிருந்து நீரை உறிஞ்சுவதால் ஓரிரு நாளில் குழாய் திறந்துவிடும். விலை மிகக் குறைவு. உள்ளே சீழும் தோலும் அடைத்திருந்தால் அதை உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்வதும் அங்கேயே நடக்கும். பூஞ்சைக் காதுக்கு இந்தச் சுத்தம் மிக முக்கியம். ஈரமான செய்தித்தாளைக் கசக்கித் திணித்ததுபோல், இடையிடையே கரும்புள்ளிகளோடு பூஞ்சை அடைத்துக்கொண்டிருக்கும்போது அதன்மேல் எத்தனை விலையுள்ள மருந்தை ஊற்றினாலும் தோலுக்குப் போய்ச் சேராது.

எத்தனை நாள் விட வேண்டும்? இரண்டாம் நாளே வலி போய்விட்டது.

பொதுவாக ஏழு நாள், சில சமயம் பத்து நாள். இரண்டு மூன்று நாளில் வலி குறையத் தொடங்க வேண்டும். குறைந்தாலும் சொன்ன நாள்வரை விடுங்கள். மூன்று நாள் ஆகியும் மாற்றமே இல்லையென்றால் மருந்தை மாற்றிக் கேட்டுக் கடைக்கு வராதீர்கள், மருத்துவரிடம் போங்கள். பூஞ்சைக்கு இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும்.

சீட்டில் ஐந்து மருந்து இருக்கிறது. எல்லாம் வாங்கியே ஆக வேண்டுமா?

கையைக் கடிக்கும் இடம் இதுதான். அண்மையில் கட்டட வேலை செய்யும் ஒருவர் கொண்டுவந்த சீட்டில் சொட்டு மருந்து, ஆன்டிபயாடிக் மாத்திரை, வலி மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கு ஒரு மாத்திரை, ஒரு விட்டமின் மாத்திரை என்று ஐந்து வரி இருந்தது. மொத்தத் தொகையைக் கேட்டுவிட்டு, "அந்தச் சொட்டு மட்டும் அடுத்த வாரம் வாங்கிக்கொள்கிறேன் அண்ணாச்சி" என்றார். ஐந்தில் விலை குறைந்ததும் அதுதான், அவருடைய காதுக்கு நேராகப் போய்ச் சேர்வதும் அதுதான். சீட்டில் இருந்த எண்ணுக்குப் பேசச் சொன்னேன். விட்டமினை விட்டுவிடலாம், வலி நின்றால் வலி மாத்திரையையும் வயிற்று மாத்திரையையும் நிறுத்தலாம் என்று மருத்துவரே சொல்லிவிட்டார்.

சிக்கலில்லாத வெளிக்காதுத் தொற்றுக்குச் சொட்டு மருந்துதான் முதன்மைச் சிகிச்சை. மாத்திரையில் விழுங்கும் ஆன்டிபயாடிக் ரத்தம் வழியாகச் சுற்றிவந்து தருவதைவிடப் பன்மடங்கு செறிவாகச் சொட்டு மருந்து அந்த இடத்திலேயே தந்துவிடும். தொற்று காது மடலுக்கோ முகத்துக்கோ பரவியவர்கள், சர்க்கரை நோயாளிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கு மாத்திரை தேவைப்படலாம். ஆகவே நீங்களாக எதையும் வெட்டாதீர்கள். "ஐயா, கையில் இவ்வளவுதான் இருக்கிறது, இதில் கட்டாயம் எது?" என்று மருத்துவர் முன்னாலேயே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. வலிக்குப் பெரும்பாலும் சாதாரண பாராசிட்டமால் போதும்.

விலை குறைவாக எங்கே கிடைக்கும்?

முதலில் அரசு மருத்துவமனை. புறநோயாளிச் சீட்டும் மருந்தும் இலவசம். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து அனுப்பும் மருந்துகள்தான் அங்கே கிடைப்பவை. காதுக்கென்று தனி மருத்துவர் எல்லா ஊரிலும் இருக்கமாட்டார். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போக வேண்டியிருக்கும். காலை நேரம் முழுதும் அதிலேயே போய்விடும், ஒரு நாள் கூலி போகும். இதை மறைத்து 'இலவசம்' என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. ஆனால் திரி வைப்பதும் உறிஞ்சிச் சுத்தம் செய்வதும் தேவைப்படுகிறவருக்கு அந்த ஒரு நாள் லாபம்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்நோயாளிச் சிகிச்சைக்கானது. சொட்டு மருந்துக்கு அதைக் கொண்டுவந்து பயனில்லை.

தனியார் சீட்டு என்றால், மத்திய அரசின் மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் கடைகளோடு தொடங்கிய முதல்வர் மருந்தகம், கூட்டுறவு மருந்தகம் ஆகியவற்றில் விசாரியுங்கள். கம்பெனிப் பெயரைச் சொல்லாமல் மருந்தின் பெயரையும் அளவையும் சொல்லுங்கள்: "சிப்ரோஃப்ளாக்சசின் 0.3 சதவீதம் சொட்டு". போகுமுன் ஒரு போன் போட்டு இருப்பில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டால் பஸ் காசு மிச்சம்.

சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டும் குளோட்ரிமசோல் சொட்டும் 2022ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. அதனால் அவற்றுக்கு அரசு உச்சவிலை வைத்திருக்கிறது. எந்தக் கடையில் வாங்கினாலும் விலை எகிறாது. பட்டியலுக்கு வெளியே உள்ள கலவைகளுக்கு அப்படிப்பட்ட உச்சவிலை கிடையாது. அவற்றின் விலையைக் கம்பெனியே ஆண்டுக்குப் பத்து சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளலாம். சீட்டில் உள்ள கலவை கட்டுப்படியாகவில்லை என்றால், தனி மருந்தாக எழுத முடியுமா என்று மருத்துவரைக் கேட்கலாம். 'பார்மா சஹி தாம்' என்ற அரசுச் செயலியில் மருந்தின் பெயரைப் போட்டால் வெவ்வேறு கம்பெனிகளின் விலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். என்னைப் போன்ற கடைக்காரர்களுக்கு இது பிடிக்காது, பரவாயில்லை.

ஐந்து மி.லி. பாட்டில் போதுமா, பெரியதாக வாங்க வேண்டுமா?

ஒரு மி.லி.யில் ஏறத்தாழ இருபது சொட்டு. நாலு சொட்டு, நாளுக்கு மூன்று வேளை, ஏழு நாள் என்றால் 84 சொட்டு, அதாவது நாலேகால் மி.லி. ஒரு காதுக்கு ஐந்து மி.லி. தாராளம். இரண்டு காதுக்கும் என்றால் பத்து மி.லி. பாட்டில் வாங்குங்கள், இரண்டு சிறிய பாட்டில்களைவிட அது பொதுவாக மலிவு.

மிச்ச மருந்தை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. திறந்து நான்கு வாரம் ஆனால் கொட்டிவிடுங்கள், காலாவதித் தேதி தள்ளியிருந்தாலும். திறந்த தேதியைப் பேனாவால் லேபிளில் எழுதி வைப்பது நல்லது. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து உதவவும் வேண்டாம்.

பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெய்?

பாட்டி காலத்திலிருந்து வருகிறது, தெரியும். சூட்டுக்கு வலி சற்று இதமாகும். ஆனால் புண்ணான காதில் எண்ணெய் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பூஞ்சைக்கு இடம் கொடுக்கும், மருத்துவர் பார்க்கும்போது ஜவ்வை மறைக்கும். எண்ணெய் சூடாக இருந்துவிட்டால் வெந்தும்போகும். தாய்ப்பால், வெங்காயச் சாறு, ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். இதம் வேண்டுமென்றால் துணியைச் சூடுகாட்டிக் காதுக்கு வெளியே ஒத்தடம் கொடுங்கள்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. வேறு கவனம் வேண்டுமா?

ஆம், இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத வயதானவர்களுக்கு இந்தத் தொற்று தோலைத் தாண்டி மண்டையோட்டு எலும்புக்குள் பரவக்கூடும். இரவில் தூங்கவிடாத ஆழ்ந்த வலி, நிற்காத கசிவு, முகம் ஒருபக்கம் கோணுவது ஆகியவை அடையாளங்கள். அப்போது சொட்டு மருந்தோடு நிற்காது. வாரக்கணக்கில் சிகிச்சை தேவைப்படும். காதில் தண்ணீர் பீய்ச்சிக் குறும்பி எடுப்பதும் உங்களுக்கு ஆபத்து. எங்கே காது காட்டினாலும் முதலில் சர்க்கரை இருப்பதைச் சொல்லுங்கள்.

தலைக்குக் குளிக்கலாமா?

குளிக்கலாம், காதுக்குள் நீர் போகக்கூடாது. பஞ்சில் வாசலின் தடவித் துவாரத்தின் வாயில் வைத்துக்கொண்டு குளித்து, வெளியே வந்ததும் எடுத்துவிடுங்கள். எண்ணெய்க் குளியலும் நீச்சலும் அருவியும் ஒரு பத்து நாளைக்கு வேண்டாம்.

அப்பா காது கேட்கும் கருவி போடுகிறார். மருந்து விடும் நாட்களில் போடலாமா?

வலியும் கசிவும் நிற்கும்வரை அந்தக் காதில் போடாமலிருப்பது நல்லது. மூடிய காதில் ஈரம் காயாது. கருவியின் காதுக்குள் செல்லும் அச்சைக் கழற்றி, மிதமான சோப்புநீரில் கழுவி, முழுதும் உலரவிட்ட பிறகு மாட்டுங்கள். மின்பகுதியில் நீர் படக்கூடாது. சொட்டு மருந்து விட்ட ஈரத்தோடு கருவியைச் செருகினால் அதைப் பழுதுபார்க்கும் செலவு காது வைத்தியச் செலவைத் தாண்டிவிடும்.